சங்கீதத்துக்குச் செவி தந்தவர்: வேப்பேரி பெப்ரிசியஸ்

ஓசூர்ச் சீமையில் வாழ்வோர்க்கு மூன்று மொழிகளின் ஓசை ஒருங்கே காதில் விழுவது புதிதன்று. தொழிற்பேட்டையின் வாயிலிலும் சந்தையிலும் கேட்கும் அம்மூன்று மொழிகளே ஞாயிற்றுக்கிழமைகளில் கிறித்தவ ஆலயங்களிலும் கேட்கின்றன. விவிலியத்துள் நூற்றைம்பது பாடல்களைக் கொண்ட ஒரு நூல் உண்டு. அதனை இம்மொழியினர் எவ்வாறு அழைக்கின்றனர் என்று நோக்கினால் சுவையான செய்தி ஒன்று புலப்படும். கன்னடத்தில் அது கீர்த்தனைகள், தெலுங்கிலும் கீர்த்தனைகளே. தமிழில் அது சங்கீதம். கத்தோலிக்கர் இன்று திருப்பாடல்கள் என்பர். தமிழ்க் கிறித்தவர்க்குக் கீர்த்தனை என்பது முற்றிலும் வேறொரு பொருள்: இராகமும் தாளமும் பெற்று, பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரியும் இசைப்பாட்டு அது. சங்கீதமோ, இசை என்றே பெயர் தாங்கியிருந்தும், பெரும்பாலும் உரைநடையாக வாசிக்கப்படுகிறது. ஆயர் ஒரு வசனம் சொல்ல, சபையார் அடுத்ததைச் சொல்ல, ஏற்றமும் இறக்கமுமாக அது நடக்கிறது. இராகம் இல்லை, தாளம் இல்லை. ஆயினும் கேட்பவர்க்கு அது பாட்டாகவே படுகிறது.

இந்த விந்தைக்குப் பெரிதும் காரணமானவர் ஒரு ஜெர்மானியர். யோகான் பிலிப் பெப்ரிசியஸ் என்பது அவர் பெயர். அகராதி தொகுத்தவர் என்ற அளவில் தமிழ்த்துறையினர் அவரை அறிவர். சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் பெயரால் ஒரு பள்ளியும் உண்டு. தமிழ் உரைநடையின் ஓசையைச் செவியால் தேர்ந்தவர் என்ற வகையில் அவரைப் பற்றி நாம் பேசியது குறைவு. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் மலரில் அவர் வாழ்க்கையைச் சொல்லத் துணிந்தது அதனாலேயே.

1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள், பிராங்க்பர்ட் நகருக்கு அண்மையிலுள்ள கிளேபெர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். முதலில் பயின்றது சட்டம். பின்னர் மனம் மாறி ஹாலே நகரில் இறையியல் பயின்றார். சீகன்பால்கு முதலியோரை உருவாக்கிய நகரம் அது. கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1740இல் தரங்கம்பாடியைச் சார்ந்த மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அதன்பின் அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய ஐம்பது ஆண்டுகளும் தமிழ் மண்ணிலேயே கழிந்தன.

1742 இறுதியில் அவர் சென்னைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு முன் பணிபுரிந்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டு, பழைய ஏற்பாட்டை ரூத்தின் வரலாறு வரையில் மொழிபெயர்த்த நிலையில் மறைந்தார். எஞ்சியதை முடித்து 1728இல் நிறைவு செய்தவர் சூல்ட்சே. ஆகவே சங்கீதங்கள் தமிழில் முதன்முதலாக வந்தது பெப்ரிசியசால் அன்று. ஆனால் சூல்ட்சேயின் தமிழ் அவசரத் தமிழ். பொருள் வந்துவிட்டது, மொழி வரவில்லை எனலாம். சென்னையில் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு சபை நடத்தத் தொடங்கிய பெப்ரிசியசுக்கு, தம்முன் அமர்ந்திருப்போர் முகத்தில் அது ஏற்படுத்திய இடறல் புரிந்திருக்க வேண்டும். திருத்தத் தொடங்கினார். திருத்தம் நாளடைவில் புது மொழிபெயர்ப்பாகவே வளர்ந்தது.

அவர் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. எபிரேய, கிரேக்க மூலங்களை முன்வைத்துக்கொண்டார். தமிழறிந்தாரைத் துணை கொண்டார். எழுதியதை உரக்க வாசித்தார். கற்றோர்க்கும் வாசித்தார், கல்லாதார்க்கும் வாசித்தார். எங்கே கேட்பவர் தடுமாறினாரோ அங்கே மீண்டும் எழுதினார். முழந்தாளிட்டவாறே மொழிபெயர்த்தார் என்று பக்தியோடு சொல்லும் மரபு ஒன்றும் உண்டு. அதன் உண்மை எப்படியாயினும், செவியைத் தீர்ப்பாளராக வைத்து மொழிபெயர்த்தார் என்பது உறுதி. அச்சுநூல் அரிதாயிருந்த காலம் அது. நூலைக் கண்ணால் காண்பவரினும் காதால் கேட்பவரே மிகுதி. எனவே ஒரு வாக்கியம் வாயில் நிற்குமா, மூச்சுக்குள் அடங்குமா, ஒருமுறை கேட்டால் நினைவில் தங்குமா என்பன அவர்முன் நின்ற வினாக்கள்.

சங்கீதங்களின் கவிதையியல் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். எபிரேயப் பாட்டில் நம் செவி எதிர்பார்க்கும் எதுகையும் மோனையும் இலக்கணமாக அமைந்தவை அல்ல. அதன் உயிர் இணைவாக்கில் இருக்கிறது. ஒரு கருத்தை முற்பாதி சொல்லும். பிற்பாதி அதனையே வேறு சொற்களால் மீண்டும் சொல்லும், அல்லது எதிர்நிலையில் நிறுத்திக் காட்டும், அல்லது ஒரு படி மேலே கொண்டுசெல்லும். சொல்லுக்குச் சொல் எதிரொலிப்பதன்று, எண்ணத்துக்கு எண்ணம் எதிரொலிப்பது. வேறு அணிகளும் இல்லாமல் இல்லை. 119ஆம் சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள் பெற்று நடப்பது. ஆத்திசூடியை மனப்பாடம் செய்த தமிழர்க்கு இத்தகைய கட்டு அயலாகத் தோன்றாது. ஆனால் அகரவரிசை மொழிபெயர்ப்பில் அழிந்துவிடும். யாப்பும் அழிந்துவிடும். அழியாமல் கடல் கடக்கக்கூடியது இணைவாக்கு ஒன்றே. பெப்ரிசியஸ் பற்றியது அதனைத்தான்.

தமிழுக்கு அது மிகவும் இசைந்தது. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. முற்பாதியின் இறுதியில் ஒரு வினைமுற்று விழ, பிற்பாதியின் இறுதியில் அதே வாய்பாட்டில் மற்றொரு வினைமுற்று விழ, தானாகவே ஓர் இயைபு பிறந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் தேடி அமைக்க வேண்டியதில்லை. தடுக்காமல் இருந்தால் போதும். தடுக்காமல் இருந்ததே பெப்ரிசியசின் பெருமை என்பது என் கருத்து. அவர் வாக்கியங்களைச் செய்யுள் ஆக்க முயலவில்லை. பண்டிதர் உரைநடையாகவும் முறுக்கவில்லை. மூச்சின் அளவில் இரண்டாக மடித்து விட்டுவிட்டார். நம் எல்லைக்கு அப்பால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவர்தம் தோழர்களும் பாடிய கன்னட வசனங்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அவையும் யாப்பைத் துறந்தவை, மடிப்பும் எதிரொலியும் கொண்டு நடப்பவை, உரைநடை என்று பெயர்பெற்றும் பாடப்படுபவை. பெப்ரிசியஸ் வசனங்களை அறிந்திருந்தார் என்று சொல்ல வரவில்லை. தென்னாட்டுச் செவி இத்தகைய ஓசையை ஏற்கும் இயல்புடையது என்பதற்கு அவை சான்று.

இதற்கு எதிர்ச்சான்றும் அவரிடமே கிடைக்கிறது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கி, 335 பாட்டுகள் கொண்ட தொகுப்பாக 1774இல் வெளியிட்டார். லுத்தர் காலந்தொட்டே ஜெர்மானியர் சங்கீதங்களைப் பாட்டாக மாற்றிப் பாடியவர்கள். 46ஆம் சங்கீதத்தைத் தழுவி லுத்தர் இயற்றிய பாட்டு உலகறிந்தது. அந்த மரபைத் தமிழ்ச் சபைக்குக் கொணர பெப்ரிசியஸ் விரும்பினார். விருப்பம் நல்லது, விளைவு அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஜெர்மானிய அடி அழுத்தமும் தளர்வும் மாறிமாறி நடப்பது. தமிழில் சொல்லழுத்தம் ஓசைக்கு அடிப்படை அன்று. குறிலும் நெடிலும், நேரும் நிரையும் கொண்டே அது நடக்கிறது. நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தில் குறில் வந்து விழுந்தால் சொல் உடையும். நெடில் வந்த இடத்தில் மெட்டு விரைந்தால் சொல் நசுங்கும். மேலும் அவர்கள் பாட்டின் இன்பம் அடியிறுதி இயைபில் உள்ளது. தமிழ்ச் செவியோ அடியின் தொடக்கத்தில் எதுகைக்காகக் காத்திருக்கும். யாப்பு கற்பிக்கும் வகுப்பில் இப்பாட்டுகளுள் ஒன்றைக் கொடுத்து அலகிடச் சொன்னால் மாணவர் திணறுவர். பழக்கத்தால் இனிமை பெற்றவை பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தலைமுறைகள் கண்ணீரோடு பாடிய பாட்டை இலக்கணம் கொண்டு தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒரே மனிதரின் ஒரே தமிழ், அயல் யாப்புக்குள் அடைபட்டபோது நொண்டியது, சங்கீதத்தின் மடிப்பில் விடப்பட்டபோது நிமிர்ந்து நடந்தது. கவிஞர்கள் இதனை எண்ணிப்பார்க்கலாம்.

இவ்வளவும் அமைதியான அறையில் நடந்த வேலை அன்று. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மிஷனின் ஆலயமும் போயிற்று. பெப்ரிசியஸ் தம் மக்களோடு டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் மீண்டபின், அவர்கள் கத்தோலிக்கரிடமிருந்து பறித்த வேப்பேரி ஆலயம் மிஷனுக்குத் தரப்பட்டது. ஒருவர் இழந்ததே மற்றவர்க்கு வாய்த்தது. 1758இல் லாலியின் படை வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது; மீண்டும் பழவேற்காடு. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. அங்குக் கைப்பற்றிய அச்சுப்பொறியை ஆங்கிலேயர் வேப்பேரிக்குக் கொணர்ந்தனர். அரசு வேலையை முதலில் முடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு பெப்ரிசியசிடம் ஒப்படைத்தனர். ஆக, அவர் தொழுத ஆலயமும் போரில் கிடைத்தது. அச்சிட்ட பொறியும் போரில் கிடைத்தது. அப்பொறியில்தான் 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சாயிற்று. உடனுழைத்த பிரைட்ஹவுப்ட் என்பாருடன் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. ஏறத்தாழ 9000 சொற்கள் கொண்ட அந்நூல் பின்னர் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பட்டு, 1972இல் நான்காம் பதிப்பையும் கண்டது. இன்றும் அதனைப் புரட்டாமல் பழைய வழக்குச் சொற்களை ஆராய இயலாது.

நம் பகுதிக்கும் அவர் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு போரின் வழியாகவே வருகிறது. பாராமகால் அந்நாளில் மைசூரின் கையில் இருந்தது. 1767இல் ஹைதர் அலியோடு மூண்ட முதற்போரில் ஆங்கிலப்படை கிருஷ்ணகிரிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடக்க, அதே ஆண்டில் இளம் திப்புவின் குதிரைப்படை சென்னையின் புறநகர் வரையில் பாய்ந்து சென்றது. 1780இல் ஹைதரே பெரும்படையோடு கணவாய் இறங்கினார். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் மக்கள் மடிந்தனர். நம் மலைகளிலிருந்து இறங்கிய புழுதி, எழுபதை எட்டிய அந்த மொழிபெயர்ப்பாளரின் வாயிலையும் தொட்டது. பகைவர் சூழ்ந்திருக்க இறைவனை நோக்கிக் கூப்பிடும் சங்கீதங்கள் அவர்க்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் அவரை வீழ்த்தியது பகைவர் படை அன்று. பணம்.

இப்பகுதியை அவருடைய வரலாற்றாசிரியர் சிலர் விரைந்து கடந்துவிடுவர், அது சரியன்று. அந்நாளையச் சென்னை கடனில் மிதந்த நகரம். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியே கும்பினி அலுவலரிடம் கடன்பட்டு மூழ்கியிருந்தார். கொழுத்த வட்டி அன்றாட வழக்கு. பெப்ரிசியசின் நேர்மையை நம்பிப் பலர் தங்கள் பணத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தனர். மிஷனுக்கு வருவாய் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் அவர் அதனை வட்டிக்கு விட்டார். வாங்கியவர் திருப்பவில்லை. கொடுத்தவர் கேட்டனர். உலகியல் அறியாதவர், பிறரை எளிதில் நம்புபவர், கணக்கு அவர்க்கு வாராது. கடன் மேல் கடன் ஏறியது. சட்டம் பயின்றவர் நீதிமன்றத்தின் முன் கடன்காரராக நின்றார். முதுமையில் கடன்சிறையும் கண்டார்.

15ஆம் சங்கீதம் ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத் தகுந்தவன் யார் என்று வினவி, அவனுடைய இயல்புகளை வரிசைப்படுத்துவது. தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்பது அவ்வரிசையில் இறுதியாக வருவனவற்றுள் ஒன்று. கடன் வாங்கித் திருப்பாதவனைத் தீயோனாகக் காட்டும் வசனம் 37ஆம் சங்கீதத்தில் உண்டு. இவற்றைத் தமிழில் எழுதிய கை அவருடைய கை. எத்தனை முறை உரக்க வாசித்திருப்பார், எத்தனை முறை திருத்தியிருப்பார்! சொல்லுக்கு இவ்வளவு கூர்ந்த செவி வாய்த்த ஒருவருக்கு அச்சொல்லின் பொருள் தம் சொந்தக் கணக்கேட்டில் கேட்காமற் போனது எப்படி? நல்ல நோக்கம் ஒரு விடை. அறியாமை மற்றொரு விடை. இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் இழந்தவை அவருடைய பணம் அல்ல. அவரை நம்பியவர்களின் பணம். அவர் துயரைப் பாடும்போது அவர்கள் துயரையும் சேர்த்துப் பாடவேண்டும்.

ஆனால் சங்கீதநூலின் இயல்பே இவ்வாறானதுதான். குற்றமற்றோர் மட்டும் பாடுவதற்கென்று அது தொகுக்கப்படவில்லை. 51ஆம் பாடல் பழிசுமந்த மன்னனின் வாயில் வைக்கப்பட்டது. 130ஆம் பாடல் ஆழத்தில் கிடப்பவனின் குரல். முதுமையில் தம்மைத் தள்ளிவிட வேண்டா என்று 71ஆம் பாடல் மன்றாடுகிறது. சிறையிலிருந்த முதியவர்க்கு இவற்றை வேறெந்த மொழியில் சொல்லிக்கொள்ளத் தோன்றியிருக்கும் என்று எண்ணுகிறேன். ஜெர்மானிய மொழியைப் பேசும் துணை அருகியிருந்தது. அரை நூற்றாண்டாக அவர் நாவில் பழகியது தமிழ். இது என் ஊகமே.

1788இல் வேப்பேரிப் பணியைக் கெரிக்கே என்னும் இளையவர் ஏற்றார். பெப்ரிசியஸ் இறுதியில் விடுதலை பெற்று ஒதுங்கி வாழ்ந்தார். 1791 சனவரி 22இல் அவருக்கு எண்பது நிறைந்தது. மறுநாள் உயிர் நீத்தார். மனித வாழ்வுக்கு எழுபது, வலிமை மிகுந்தால் எண்பது என்று 90ஆம் சங்கீதம் எல்லை வகுக்கிறது. அந்த எல்லையை ஒரே நாள் கடந்தார் அதனைத் தமிழாக்கியவர். அடுத்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியின் கைக்கு மாறிற்று. அவருடைய பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறி முடிந்ததும் அவர் மறைந்தபின் அந்தப் பத்தாண்டில்தான்.

நூலின் வாழ்வு அதன்பின் தொடங்கியது. அதனைப் பொன் மொழிபெயர்ப்பு என்று போற்றினர். 1820களில் திருநெல்வேலியில் ரேனியஸ் தெளிவான புதுத் தமிழில் விவிலியத்தைத் திருத்த முற்பட்டபோது, தஞ்சையில் ஒரு பெருங்கவிஞர் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். கீர்த்தனையைக் கிறித்தவ வழிபாட்டின் நடுவில் அமர்த்தியவரும் அவரே. இராகம் தேர்ந்த அவர்க்கு, இராகமற்ற பெப்ரிசியசின் சொல் ஏன் அத்துணை அருமையாயிற்று? அச்சொல் தலைமுறைகளின் நாவில் ஊறிவிட்டது என்பதே காரணம். மாற்றினால் செபம் அயலாகும் என்று அஞ்சினார். அவருடைய அந்தப் பழமைப்பற்று சாதி வேறுபாட்டை ஆலயத்துக்குள் காக்கவும் வாதாடியது என்பதை மறைக்கலாகாது. சொல்லுக்காகப் போராடியதைப் பாராட்டலாம். மற்றதற்கு அந்தப் பாராட்டு இல்லை.

ஒரு சொல்லைச் சான்றுக்குக் காட்டுவேன். இறைவனைப் பெப்ரிசியஸ் பராபரன் என்று எழுதினார். தாயுமானவரின் பராபரக்கண்ணியை அறிந்த செவிக்கு அச்சொல் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. அவ்விருவரும் பதினெட்டாம் நூற்றாண்டினர். 1850இல் வெளிவந்த பெர்சிவலின் திருத்தத்தில் ஆறுமுக நாவலர் பங்குகொண்டும் அந்நூல் சபைகளில் நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பு பெப்ரிசியசை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் பராபரனை நீக்கித் தேவனை வைத்தது. சொல் போயிற்று, மடிப்பு நின்றது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படுவது அந்நூலே. லுத்தரன் சபைகள் இருபதாம் நூற்றாண்டிலும் பெப்ரிசியசின் மூலத்தை விடாது பேணின. கத்தோலிக்க வழிபாட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் இலத்தீன் விலகித் தமிழ் வந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் திருப்பாடல்களைப் புதுக்கவிதைபோல் வரி பிரித்தே அச்சிட்டது.

புதுக்கவிதை என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் வசன கவிதைக்கு வால்ட் விட்மனை முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். பாரதி அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்; காட்சிகளைப் படைத்தவர். விட்மனின் நீண்ட அடிகளுக்கு ஊற்று ஆங்கில விவிலியத்தின், சிறப்பாகச் சங்கீதங்களின், இணைவாக்கு என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. அவ்வாறாயின் எபிரேயத்தில் பிறந்த ஓசை ஆங்கிலத்துக்குச் சென்று, அமெரிக்கா சென்று, கடல் சுற்றித் திருவல்லிக்கேணிக்கும் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதே ஓசை வேப்பேரி அச்சில் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழிலேயே கிடந்தது. வேதக்காரர் நூல் என்று ஒதுக்கியதால் நம் இலக்கிய வரலாறுகள் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை. சபையாரும் அதனை இலக்கியம் என்று எவர்க்கும் எடுத்துக்காட்டவில்லை. நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒரு ஞாயிறு காலையில் ஏதேனும் ஓர் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து, இரவு ஷிப்டு முடித்து வந்தவர்களும் குழந்தைகளும் மூதாட்டியரும் மாறிமாறி வசனம் சொல்லுவதைக் கேட்கலாம். முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இடையில் அவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.